திராட்சைக் கொடியும் கணுக்கால் கருமையும்

அரபு மொழியில் 'தாலியா' என்றால் திராட்சைக் கொடி. அதன் பன்மை 'தவாலீ'. காலில் முறுக்கிப் புடைத்துக் கிடக்கும் இரத்த நாளங்களுக்கும் அரபு மருத்துவர்கள் இப்பெயரையே சூட்டினர். நம் மக்கள் இதனை 'நரம்புச் சுருட்டு' என்பர். நரம்பு வேறு, நாளம் வேறு. ஆயினும் வழக்கு அப்படி நிலைத்துவிட்டது.

இப்னு ஸீனா (மறைவு 1037) தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் யானைக்கால் நோயுடன் சேர்த்து இதனைப் பேசுகிறார். நெடுவழி நடக்கும் தூதர்கள், சுமை தூக்குவோர், அரசர் முன்னிலையில் நின்றுகொண்டேயிருக்கும் ஊழியர் ஆகியோரையே இது மிகுதியும் பற்றும் என்பது அவர் கண்டது. கொலுமண்டபத்தின் அலங்காரங்களை வருணித்தோர் பலர்; அங்கே கைகட்டி நின்றவனின் கணுக்காலைப் பார்த்தவர் ஒரு மருத்துவர்! நோய்க்குக் காரணம் கீழிறங்கித் தேங்கும் கெட்டியான கறுப்புப் பித்த இரத்தம் என்று அவர் கருதினார்.

அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு ஏறத்தாழ 1013), முப்பது பகுதிகள் கொண்ட 'தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். வெந்நீரால் நாளத்தைப் புடைக்கச் செய்து, தோலைக் கீறி, நாளத்தையே உருவி எடுக்கும் முறையை அதில் விவரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார்.

இவ்விடத்தில் நம் மேடைப் பேச்சாளர்களோடு எனக்கு ஒரு வழக்குண்டு. இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னுந் நஃபீஸே கண்டுபிடித்தார் என முழங்குகிறார்கள். 1242இல் எழுதிய விரிவுரையில் அவர் நிறுவியது நுரையீரல் வழியான ஓட்டத்தை. இதயத்தின் நடுச்சுவரில் துளையில்லை, இரத்தம் நுரையீரல் சென்றே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றார். காலனை மறுத்த அப்பெருமையே போதாதா? அச்சுவடியும் நம் கண்ணில் படாமலே கிடந்தது. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ பெர்லின் நூலகத்தில் அதனைக் கண்டு 1924இல் ஆய்வேடு எழுதிய பின்னரே உலகம் அறிந்தது.

கால் நாளங்களின் உள்ளே இருக்கும் வால்வுகளை விளக்கி பதுவாவின் ஃபப்ரீசியஸ் 1603இல் நூல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஹார்வி 1628இல், அவை இரத்தத்தை இதயம் நோக்கி மட்டுமே விடுபவை என விளக்கினார். தமனியும் சிரையும் எங்கே இணைகின்றன என்பதை ஹார்வியும் கண்ணால் காணவில்லை. அவர் இறந்து நான்காண்டு கழித்து, 1661இல், மால்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கியால் கண்டார்.

கணுக்கால் கருமையின் மர்மம் அத்தந்துகிகளில்தான் ஒளிந்திருந்தது. நிற்கும்போது கணுக்காலின் சிரைகளில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடந்தால் கெண்டைச் சதை இரத்தத்தை மேலேற்ற, அது 30க்கும் கீழே இறங்கும். வால்வு பழுதானவருக்கோ நடந்தாலும் போதிய அளவு இறங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் அவ்வழுத்தம் தாங்கும் தந்துகிகள் விரிந்து, நீண்டு, நூற்கண்டுபோல் சுருள்கின்றன. நீரும் சிவப்பணுக்களும் வெளியே கசிகின்றன. அணுக்கள் சிதைந்து விட்டுச்செல்லும் இரும்பே தோலைப் பழுப்பாக்குகிறது. முன்னோர் கண்ட கருமை மெய்; பித்தம் என்ற காரணம்தான் தவறு.

தந்துகியைச் சுற்றிப் படியும் ஃபைப்ரின் உறையே பிராணவாயுவைத் தடுத்துப் புண்ணாக்குகிறது என 1982இல் பிரௌஸ், பர்னண்ட் இருவரும் கூறினர். 1988இல் கோல்ரிட்ஜ் ஸ்மித் குழுவினர், தந்துகிகளில் சிக்கிக்கொள்ளும் வெள்ளணுக்கள்மீது குற்றம் சாட்டினர். பின்வந்த ஆய்வுகள் அழற்சிக்கே முதலிடம் தந்தன. தந்துகிகள் அடைபட்டுக் குறைந்த இடத்தில் தோல் வெளிறி மெலிகிறது. சிறு கீறலும் ஆறாப் புண்ணாகிறது. நம் வீட்டுப் பெண்கள் பலர் அப்புண்ணைச் சேலைக் கரையால் மறைத்தே காலந்தள்ளுகிறார்கள்.

பாதத்திலிருந்து முழங்கால் நோக்கிக் கட்டுப்போடச் சொன்னார் இப்னு ஸீனா. இன்றைய மருத்துவமனையிலும் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே செல்லச்செல்லத் தளர்வாகவும்தான் சுற்றுகிறார்கள். சுற்றுவதற்குமுன் காலின் தமனி ஓட்டம் நன்றாயிருக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்கிறார்கள்.