மரச்சீனி நாட்டில் உடல் எடை

நெய்யாற்றின்கரை, பாறசாலை, அம்பூரிப் பக்கங்களில் நெடுநாள் கழித்துக் கண்ட உறவினரை நம்மவர் ‘மெலிந்து விட்டீரே!’ என்று இரக்கத்துடன் வினவுவர். இவ்விரக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பசியில் வாடிற்று. அந்நாளில் ஏழையர் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் அக்கிழங்கே. அது வயிற்றை நிரப்பும். புரதமோ மிகக் குறைவு. மண்வெட்டியும் தலைச்சுமையுமாக உழைத்த மேனியில் சதை எங்ஙனம் பற்றும்? பருத்த உடலைச் செல்வத்தின் அடையாளமாக அக்காலத்தார் கருதியதில் வியப்பில்லை.

இன்று உடலுழைப்புச் சுருங்கிற்று. எண்ணெயும் சர்க்கரையும் பெருகின. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக் கேரளப் பெண்களில் மெலிந்தோர் நூற்றுக்குப் பத்தே. மிகை எடையினர் 38. தமிழ்நாட்டில் இவர்கள் 40. 1956-இல் வகுத்த எல்லைக்கோடு உடலுக்குத் தெரியுமா, என்ன!

155 செ.மீ. உயரமுள்ள பெண் 60 கிலோவை எட்டினால் அக்கணக்கில் மிகை எடையினள். ஆசிய மக்களுக்கு நீரிழிவு முதலியன குறைந்த எடையிலேயே தோன்றுவதால், 2004-இல் உலகச் சுகாதார நிறுவன வல்லுநர் குழு இன்னும் தாழ்ந்த அளவொன்றைக் காட்டிற்று. அதன்படி அதே பெண் 55 கிலோவிலேயே விழித்துக்கொள்ளல் வேண்டும்.