எண் மாறினும் பொருள் மாறாத விதம்

திருமயம் குன்றின் அடியில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே அமைந்த இரு குடைவரைக் கோயில்களையும் நம்மவர் அனைவரும் அறிவர். அவ்விரு கோயிலாரிடையே நெடுங்காலமாக இருந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் போசள அதிகாரி ஒருவர் தீர்த்துவைத்தார். அத்தீர்ப்பு கல்லிலேயே வெட்டப்பட்டது. கல்லில் வெட்டிய சொல் இருந்த இடத்திலேயே இருக்கும். தாளில் அச்சிட்ட சட்டமோ ஒரு நாள் நீக்கப்பட்டு, வேறொரு பெயருடன் மீண்டும் வரும். அப்பொழுது பழைய சொற்களின் பொருள் என்னவாகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் சட்டம் படித்தவர் அல்லர். கல்லுடைக்கும் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர், தம் மகன் தாக்கப்பட்ட வழக்கின் முதல் தகவல் அறிக்கை நகலுடன் பள்ளிக்கு வந்தார். "சார், எப்பவும் 323, 325-ன்னு போடுவாங்களே, இதுல அதைக் காணோமே! நம்ம கேசை லேசாக்கிப்புட்டாங்களா?" என்று கேட்டார். தாளில் 117(2) என்றிருந்தது. அவர் அஞ்சியதில் வியப்பில்லை. மூன்று தலைமுறையாக நம் மக்கள் தண்டனைச் சட்டத்தை எண்களாகவே அறிந்துவந்துள்ளனர்.

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைவு அளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளியின் சாதியைக் கேளாது ஒரே தண்டனை விதித்தது அதன் சிறப்பு. எனினும் அதற்கு முன்னரே, 1816ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதி ஒன்று, சிறு குற்றங்களுக்குத் தாழ்த்தப்பட்டோரைத் தொழுவில் மாட்டும் அதிகாரத்தைக் கிராமத் தலைவர்க்கு வழங்கியிருந்தது. தண்டனைச் சட்டம் வந்த பின்னும் அவ்விதி பல்லாண்டு நீடித்தது. ஒரு சட்டம் வந்ததாலேயே மற்றொன்று மறைந்துவிடாது என்பதை நம் முன்னோர் உடலால் கற்றனர்.

511 பிரிவுகள் கொண்ட அச்சட்டம் நீக்கப்பட்டு, 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கொலைக்குரிய 302 என்பது 103 ஆயிற்று. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் சட்டவிரோதக் கூட்டத்தின் இலக்கணம் 141இலிருந்து 189க்குச் சென்றது. பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த பொது விளக்கங்கள் இரண்டாம் பிரிவில் ஒருங்கே தொகுக்கப்பட்டன.

நமக்குரிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனித்து நிற்பது அன்று. தன்னிடத்தில் விளக்கப்படாத சொற்களுக்குத் தண்டனைச் சட்டத்தின் விளக்கத்தையே கொள்ளுமாறு அது கூறுகிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஓர் அட்டவணையையும் சேர்த்தது. அவ்வட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் பழைய எண்களே. நிவாரணத்திற்கான விதிகளின் இணைப்பிலும் பழைய எண்கள் உண்டு. சுட்டப்பட்ட சட்டமே போய்விட்டால் சுட்டும் விரல் எதைக் காட்டும்?

விடை, பலரும் புரட்டிப் பாராத பொது வாசகங்கள் சட்டத்தில் உள்ளது. 1897ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுவதாவது: ஒரு பிரிவு நீக்கப்பட்டு, மாற்றத்துடனோ மாற்றமின்றியோ மீண்டும் இயற்றப்பட்டால், பிற சட்டங்களில் உள்ள பழைய சுட்டுகள், வேறு கருத்துத் தோன்றாதவிடத்து, புதிய பிரிவையே சுட்டுவதாகக் கொள்ளப்படும். ஆகவே அட்டவணையில் உள்ள 325ஐ 117(2) என்று படித்துக்கொள்ள வேண்டும். வழக்கு இலேசாகவில்லை.

"மாற்றத்துடனோ" என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். பழைய 320ஆம் பிரிவின்படி, இருபது நாள் கடும் வலியுற்றாலோ வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாது போனாலோ அது கொடுங்காயம். புதிய 116ஆம் பிரிவில் அது பதினைந்து நாள். உடலுழைப்பே சோறாகிய நம்மவர்க்கு இவ்வைந்து நாள் சிறிதன்று. பதினாறு நாள் கல்லுடைக்க இயலாது கிடந்தவனுக்கு நேர்ந்தது, வேறு கொடுங்காயம் இல்லையாயின், முன்னர் வெறுங்காயமே. அடித்தவனுக்கு உச்ச தண்டனை ஓராண்டு. இன்று அது கொடுங்காயம். ஏழாண்டு வரை தண்டனை உண்டு. அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறாமலே அதன் பொருள் மாறியுள்ளது. மருத்துவச் சான்றில் நாட்கணக்கைச் சரியாக எழுதச் சொல்லிக் கேட்டுப் பெறுமாறு நம் இளைஞர்களை வற்புறுத்துகிறோம்.

மீண்டும் இயற்றப்படாத பிரிவுக்கு இவ்விதி உதவாது. தற்கொலை முயற்சி பற்றிய 309 அவ்வாறே விடுபட்டது. அரசு ஊழியரைத் தடுக்கவோ வற்புறுத்தவோ செய்யும் அம்முயற்சி மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக உள்ளது. எம் கருத்தைக் கேட்பின், நாடாளுமன்றம் அட்டவணையையே திருத்தி அச்சிட்டிருக்கலாம் என்போம். வழக்கறிஞர் எண்களை மாற்றிப் படித்துக்கொள்வார். கையில் ஒரே ஒரு தாளுடன் நிற்பவர் என் செய்வார்?

பெரியவருக்கு இவ்வளவையும் எடுத்துரைத்தோம். அவர் சற்றுச் சிந்தித்து, "அப்ப 2019-ல நம்ம சின்னவனை அடிச்ச கேசு இன்னும் நடக்குதே, அதுக்கு எந்த நம்பரு?" என்றார். குற்றம் நடந்த நாளின் சட்டமே அதற்குப் பொருந்தும், பழைய எண்ணும் பழைய இருபது நாள் கணக்குமே செல்லும் என்று சொல்லி, இரு தாள்களின் மேலும் அவ்வவ்வாண்டைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தோம்.