கண்ணீர்ப் புகையும் கண்ணும்: ‘சிறிது நேரம்’ என்ற அளவுகோல் போதுமா?

1993இல் கையெழுத்தான இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் கண்ணீர்ப் புகை போன்ற கலகக் கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது. அவை புலன்களை உறுத்தவோ ஆளை முடக்கவோ வேண்டும். தாக்கம் நின்ற சிறிது நேரத்தில் அந்த விளைவு மறைந்துவிட வேண்டும். போரில் இவற்றுக்குத் தடை உண்டு. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குப் பணிக்கு அனுமதி உண்டு. இந்த இலக்கணம் வேதிப்பொருளை மட்டும் அளக்கிறது, அது கண்ணை வந்தடையும் விதத்தை அளக்கவில்லை என்பதே என் வாதம்.

இன்று பரவலாக வீசப்படும் கண்ணீர்ப் புகை வகையான சிஎஸ், 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டௌட்டன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கியது. சாதாரண வெப்பநிலையில் அது திண்மப் பொருள். காற்றில் நுண்துகளாகத்தான் மிதக்கிறது. கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியாவோ உடலிலேயே நரம்பு முனைகள் மிக அடர்ந்த திசுக்களில் ஒன்று. துகள் அங்கே ஒட்டியதும், நரம்பு முனையிலுள்ள டிஆர்பிஏ1 என்னும் புரதத்தின் கந்தகப் பகுதியோடு வினைபுரிகிறது. முக்கிளை நரம்பின் முதல் கிளை வழியே எரிச்சல் மூளைத்தண்டுக்கு ஏறுகிறது. இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்கின்றன. திறக்க நினைத்தாலும் முடியாது. கண்ணீர் பெருகித் துகளைக் கழுவுகிறது. திறந்த வெளியில், நலமான கண் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். இதுவரை ஒப்பந்தத்தின் இலக்கணம் சரியே.

துகளின் அளவு கூடும்போதும் தூரம் குறையும்போதும் கதை மாறுகிறது. மிக அருகில் வெடிக்கும் குண்டு தூளைக் கார்னியாவின் மேலடுக்குக்குள்ளேயே பதித்துவிடும். கண்ணீரால் அதைக் கழுவ முடியாது. சிஎஸ்ஸுக்கு முந்தைய சிஎன் வகை இன்னும் கடுமையானது. அதனால் வெந்த கார்னியாவில் தழும்பு விழுவதும் புதிய இரத்தக் குழாய்கள் படர்வதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எனக்கு இதைவிடக் கவலை தருவது நரம்பின் சேதம். உணர்விழந்த கார்னியா வலிப்பதில்லை. இமைப்பும் கண்ணீரும் குறைந்து, புண் ஓசையின்றி ஆழமாகிறது. வலி அடங்கியதைக் குணமாகக் கொள்ளும் அளவுகோல் இந்த நோயாளியைக் கணக்கிலேயே எடுக்காது.

வட அயர்லாந்தின் டெரி நகரில் 1969 ஆகஸ்டில் சிஎஸ் வீசப்பட்ட பிறகு, ஹிம்ஸ்வொர்த் தலைமையில் பிரிட்டன் அமைத்த விசாரணைக் குழு மதிப்புமிக்க ஒரு பரிந்துரையைத் தந்தது: இத்தகைய பொருளை ஆயுதத்தைப் போல மதிப்பிடாமல், புதிய மருந்தைப் பரிசோதிக்கும் கண்டிப்போடு மதிப்பிட வேண்டும். அந்தப் பரிந்துரையை இறுதிவரை கொண்டுசெல்ல வேண்டும். மருந்தென்றால் அதன் அளவும் செலுத்தும் முறையும் சேர்த்தே சோதிக்கப்படும். கண்ணீர்ப் புகையைச் செலுத்தும் முறை, துப்பாக்கியிலிருந்து பாயும் கனத்த உலோகக் குப்பி.

அந்தக் குப்பி என்ன செய்யும் என்பதற்குச் சிலி நாட்டின் ஃபபியோலா கம்பில்லாய் சாட்சி. 2019 நவம்பர் 26 அன்று, இரவு வேலைக்குப் புறப்பட்ட அவர் முகத்தில் காவல்துறையின் கண்ணீர்ப் புகைக் குப்பி மோதியது. இரு கண் பார்வையும் போயிற்று. மணமும் சுவையும் போயின. சுட்ட அதிகாரி 2022இல் சிறைத் தண்டனை பெற்றார். 2021 தேர்தலில் வென்று கம்பில்லாய் செனட்டர் ஆனார். அவர் கண்ணைப் பறித்தது சிஎஸ்ஸின் வேதியியல் அல்ல என்று சிலர் வாதிடலாம். ஆனால் குப்பியையும் தூளையும் பிரித்துக் கணக்குப் போடுவதால்தான் ‘சிறிது நேர விளைவு’ என்ற வகைப்பாடு இன்றும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தெருவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

2020இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய குப்பிகளைப் பொதுவாகத் தனிமனிதரை நோக்கிச் சுடக்கூடாது என்றும், தலையிலும் முகத்திலும் படுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. வழிகாட்டி சட்டமாகாது. ஆகவே சுடுவதற்கான குறைந்தபட்சத் தூரத்தையும், தூளின் வகையையும் செறிவையும் அரசுகள் வெளியிட வேண்டும். கண் மருத்துவர்கள் நோயாளியை முதல் நாளோடு அனுப்பிவிடாமல், கார்னியாவின் உணர்வைச் சோதித்து, மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.