தலையெழுத்தும் தலைக்கவசமும்

வாலிபனொருவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மாண்டான் என்று கேள்விப்பட்டால், “பாவம், அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். பிரேதம் சுடுகாடு சேருமுன்பே நமது விசாரணை முடிந்துவிடுகிறது. எழுதியவர் யார், அதைப் படித்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆனால், அடிபட்ட தலைகளில் உண்மையாக என்ன நேர்ந்திருக்கிறது என்று ஆராய்ந்து பார்த்த வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருடைய சரித்திரம் நம்மவர் அறியத்தக்கது.

1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், அரேபியப் போரில் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் சென்றார். எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஒருவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை ரண வைத்திய நிபுணர்.

பின்னர் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருந்தவர்களுமாக 2,279 பேர் மாண்டனர். மரணத்துக்கு மிகுதியான காரணம் தலைக்காயமே என்று கெய்ர்ன்ஸ் 1941-இல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். கவசமணிந்து காயமுற்றவர்களாக அவர் கண்டவர் எழுவரே, அவ்வெழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பரில், பணியிலிருக்கும் ராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகள் யாவரும் கவசமணிய வேண்டுமென்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவிட்டது.

எழுவரை வைத்து உண்மையை முடிவுகட்டலாமா? கெய்ர்ன்ஸும் அத்துடன் நிற்கவில்லை. 1943-இல் ஹோல்பர்ன் என்ற பௌதிக அறிஞருடன் சேர்ந்து, கவசமணிந்து விபத்துக்குள்ளான 106 பேரை ஆராய்ந்தார். 1946-இல் மாதவாரி மரணக் கணக்கை வெளியிட்டார். உத்தரவுக்குப்பின் மரணங்கள் குறைந்து வந்தமை அதில் தெரிந்தது. யுத்தகாலப் பெட்ரோல் கட்டுப்பாட்டால் வண்டிகளே குறைந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆதலால்தான் ஒரு கணக்கு போதாது. சாலைக் கணக்கையும் ஆஸ்பத்திரிக் காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் செய்தது அதுவே.

ஆயினும் பொதுமக்கள் கவசமணிய வேண்டுமென்ற சட்டம் பிரிட்டனில் 1973-இல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார். சான்று கிடைத்ததற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே 32 ஆண்டுகள்! அவ்விடைவெளியில் மாண்டவர்களின் மரணத்தை எந்தத் தலையெழுத்தில் சேர்ப்பது?

மலேசியாவிலும் அதே 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1992-இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பட்டப்பகலில் விளக்கா என்று நகைக்கத் தோன்றும். ஆராய்ச்சியாளர்கள் நகைக்கவுமில்லை, துதிக்கவுமில்லை. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் விதிக்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகளை எண்ணி ஒப்பிட்டனர். பிறர் கண்ணுக்குத் தெரியாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவிகிதம் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு.

மலேசியச் சாலைகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. தோட்டத்திலிருந்து பட்டணத்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் அதுவே வாகனம். ஆகவே அடுத்த விபத்துச் செய்தி வரும்போது, விதியென்று பெருமூச்சு விடுவதோடு நில்லாதிருப்போம். எந்த வளைவு, எந்த நேரம், கவசத்தின் வார் பூட்டியிருந்ததா, அதே இடத்தில் முன்பு எத்தனை பேர் விழுந்தனர் என்று கேட்போம். கேட்டதைக் குறித்து வைத்து அதிகாரிகளிடம் கொடுப்போம். புதிய வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் தந்தை, மகன் தலையில் கவசத்தையும் வைத்து, வாரைத் தம் கையாலேயே பூட்டி அனுப்புவாராக!