கல்கத்தாவில் பிறந்த சமன்பாடு

காலவெளி கிழியுமா என்று மாணவர்கள் கேட்டால் நான் கல்கத்தாவிலிருந்துதான் தொடங்குவேன். மேக்நாத் சாஹாவும் சத்தியேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலமாக்கி 1920-இல் நூலாகக் கொண்டுவந்த ஊர் அது. 1950-களில் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்த அமல் குமார் ராய்சௌத்ரிக்குக் கொடுக்கப்பட்ட வேலை உலோகங்களின் பண்புகளை ஆராய்வது. மனமோ சார்பியலில். அவருடைய சமன்பாடு 1955-இல் 'ஃபிசிக்கல் ரெவ்யூ' இதழில் வெளியானது.

அதைக் கரும்பலகையில் ஒவ்வொரு உறுப்பாகத்தான் எழுதுவேன். அருகருகே செல்லும் துகள்களின் பாதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் ஈர்ப்பு அவற்றை நெருக்குகிறது. பாதைக்கற்றையின் உருத்திரிபும் நெருக்கவே செய்கிறது. சுழற்சி மட்டுமே விலக்கப் பார்க்கும். அது இல்லையென்றால் பாதைகள் குவிந்தே தீரும். ஒரே வரியில் இவ்வளவும்! இன்றும் எழுதும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

ரோஜர் பென்ரோஸ் 1965-இல் இந்தக் குவிதலை ஒளிக்கதிர்களுக்குப் பொருத்தினார். நட்சத்திரம் ஓர் எல்லையைத் தாண்டிச் சுருங்கிவிட்டால், அது கச்சிதமான கோளமாக இல்லாவிட்டாலும், உள்ளே ஏதோ ஒரு பாதை அறுந்தே ஆகவேண்டும் என்று நிறுவினார். 2020-இல் நோபல் கிடைத்தது. ராய்சௌத்ரி 2005-லேயே காலமாகியிருந்தார்.

பாதை அறுவது வேறு, காலவெளியே கிழிந்து மீண்டும் ஒட்டுவது வேறு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் பின்னதற்கு எளிதில் இடம் தருவதில்லை. சரக் கோட்பாட்டில், சுருண்டிருக்கும் கூடுதல் பரிமாணங்களில் அது நடக்கலாம் என்று 1993-இல் ஆஸ்பின்வால், கிரீன், மோரிசன் மூவரும், தனி வழியில் விட்டனும் காட்டினார்கள். காகிதத்தில்தான், எந்தக் கருவியும் இன்னும் அதைக் கண்டதில்லை.