வாங்குவதா, வளர்ப்பதா? சிலாங்கூர் குழுவும் தோட்டத்துத் திடலும்

புதிய காற்பந்துப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இரசிகர்களின் ஆட்டம் தொடங்கிவிடும். புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையானாலும் சரி, கோல சிலாங்கூர் சந்தையானாலும் சரி, ஒரு குவளை தே தாரிக் ஆறுவதற்குள் சிலாங்கூரின் பதினோரு பேரும் தேர்வாகிவிடுவார்கள். முன்னணிக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வேண்டும் என்பார் ஒருவர். உள்ளூர்ப் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாலே போதும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஜொகூர் குழுவின் பணப்பெட்டியை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஆக, வழக்கில் இரண்டே கட்சிதான். வெளியே போய் வாங்குவதா? உள்ளேயே தேடி வளர்ப்பதா?

இரண்டு பக்கமும் சூடான வாதங்கள் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இரு கட்சியினருமே ஒரு முக்கியமான சாட்சியைக் கூண்டில் ஏற்றாமல் வாதாடிக் கொண்டிருப்பது தெரியும். அந்தச் சாட்சி, வட சிலாங்கூர் தோட்டங்களில் ஒரு காலத்தில் இருந்த பந்துத் திடல்.

கடைசியில் நிற்பவருக்கு முதல் பந்தி

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் உலகில் பல முறைகள் உண்டு. அமெரிக்காவில் ‘டிராஃப்ட்’ என்று ஒரு முறை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தில் பிறந்தது அது. பணக்காரக் குழுக்களே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன என்று பிலடெல்பியா ஈகல்ஸ் குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் முறையிட்டார். அவருடைய குழு அப்போது தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. அவர் சொன்ன யோசனை எளிமையானது. சென்ற ஆண்டு கடைசி இடத்தில் வந்த குழு இந்த ஆண்டு முதலில் தேர்ந்தெடுக்கட்டும். வெற்றியாளர் கடைசியில் எடுக்கட்டும். 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை என்பது வேடிக்கை!

இந்தியாவிலும் இந்த முறை எட்டிப் பார்த்தது. 2017 ஜூலையில் மும்பையில் நடந்த ஐ.எஸ்.எல். டிராஃப்டில், கேரளத்தின் தற்காப்பு ஆட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் குழு முதல் ஆளாக எடுத்தது.

மலேசியாவில் அப்படி ஒரு பந்தி கிடையாது. பணம் உள்ள குழு முதலில் உட்காரும். விளைவு கண்கூடு. 2014 தொடங்கி 2023 வரை தொடர்ந்து பத்து முறை சூப்பர் லீக்கை ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவே வென்றது. எனவே சிலாங்கூர் இரசிகரின் கவலையில் நியாயம் இருக்கிறது. பணத்தால் போட்டியிட முடியாத குழு வேறு எதனால் போட்டியிடும்?

வேலை கொடுத்து ஆள் எடுத்த காலம்

சிலாங்கூர் ஒரு காலத்தில் எதனால் வென்றது என்று பார்ப்போம். ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்காக 1921இல் மாநிலங்கள் மோதத் தொடங்கின. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் தோற்ற சிலாங்கூர், அடுத்த ஆண்டே கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1967இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய அந்தப் பரிசை, 2015 வரை 33 முறை வென்றிருக்கிறது. வேறு எந்த மாநிலமும் இந்தக் கணக்கை நெருங்கவில்லை.

அது சம்பளம் இல்லாத காலம். ஆட்டக்காரர் என்றால் பகலில் ஓர் அலுவலகத்திலோ, அரசுத் துறையிலோ, வங்கியிலோ வேலை பார்ப்பவர். மாலையில் பயிற்சி. நல்ல ஆட்டக்காரரை ஒரு மாநிலம் இழுக்க வேண்டுமானால், அவருக்கு ஒரு வேலையைக் காட்ட வேண்டும். அப்போதும் வெளியாட்கள் வராமல் இல்லை. மலேசியத் தற்காப்பின் தூணாக நின்ற சோ சின் ஆன் மலாக்காவிலிருந்து சிலாங்கூருக்கு வந்தவர்தான். ஆகவே, அந்தக் காலத்தில் எல்லாரும் மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் குழுவின் முதுகெலும்பு உள்ளூரில்தான் உருவானது. 1971 முதல் 1979 வரை ஏழு முறை கிண்ணத்தை வென்ற அந்தப் பொற்காலத்தில் மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், ஆர். ஆறுமுகம் போன்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. நீண்ட கைகளால் பந்தை வளைத்துப் பிடித்த கோல் காவலர் ஆறுமுகத்தை இரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தனர். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவுக்கு எம். சந்திரன் தலைவர். அந்தக் குழு அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசியா. ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து அந்த ஒலிம்பிக்கையே நாடு புறக்கணித்ததால், உழைப்பு வீணானது. அந்தக் குழுவின் கோல் காவலரும் ஆறுமுகம்தான். 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது வயது 35.

பிரட்டுக்கும் இருட்டுக்கும் நடுவே

இந்தப் பெயர்கள் வானொலி வழியாகத் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்தன. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பின்னாளில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, மேலே ரவாங், களும்பாங் வரை எங்கும் பால்மரக் காடு. விடியுமுன் பிரட்டு, பெயர் கூப்பிட்டதும் வெட்டுக்குப் போக வேண்டும். நண்பகல் தாண்டிப் பால் நிறுத்து முடிந்தால் மாலைப்பொழுது தொழிலாளியின் சொந்தப் பொழுது. கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, இவற்றோடு பெரும்பாலான தோட்டங்களில் ஒரு திடலும் இருந்தது.

அந்தத் திடலை யாரும் பயிற்சி மையம் என்று அழைக்கவில்லை. ஆனால் அது செய்த வேலை அதுதான். பத்து வயதுப் பையன் இருபத்தைந்து வயது வெட்டுக்காரரோடு மோதிப் பழகினான். செருப்பில்லாத கால் பந்தின் போக்கைக் கற்றுக்கொண்டது. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும்போது, யார் முன்னணியில், யார் தற்காப்பில் என்று லயத்து வாசலில் சண்டையே நடக்கும். ஆட்டக்காரர் தேர்வு பற்றிய இன்றைய வாதங்களுக்கெல்லாம் தாத்தா அந்தச் சண்டைதான்.

அங்கிருந்து மேலே போக ஏணி இருந்ததா? இருந்தது; ஆனால் படிகள் மிக உயரம். பள்ளிக் குழு, மாவட்டக் குழு, மாநில இளையோருக்கான பர்ன்லி கிண்ணம், பிறகு மாநிலக் குழு. கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் அறுபது கிலோமீட்டருக்கும் மேல். மாலைப் பயிற்சி முடிந்து திரும்பிப் போகப் பேருந்து கிடைக்காது. மறுநாள் வெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நகரத்தில் ஓர் அலுவலக வேலை கிடைத்தவனால் மட்டுமே அந்த ஏணியில் ஏற முடிந்தது. கிடைக்காதவன் தோட்டத்து மாவீரனாகவே நின்றுவிட்டான்.

வாங்குவோர் கட்சி, வளர்ப்போர் கட்சி

1989இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள். 1994இல் முழுத் தொழில்முறை ஆனது. வாங்குவோர் கட்சிக்கு அதன் பிறகு ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. 2005இல் இந்தோனேசியாவின் பம்பாங் பமுங்காஸ், எலி ஐபோய் இருவரையும் கொண்டுவந்த சிலாங்கூர், பிரீமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் என்று ஒரே ஆண்டில் மூன்றை வென்றது. இரண்டே பேர் ஒரு குழுவின் முகத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள்.

வளர்ப்போர் கட்சியின் சாட்சி இன்னும் வலுவானது. 2009இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. 2012இல்தான் அவர்கள் திரும்பினர். அந்தத் தடைக்காலத்தில் கே. தேவன் பயிற்றுவித்த சிலாங்கூர் 2009, 2010 இரு ஆண்டுகளும் சூப்பர் லீக்கை வென்றது, 2009இல் எஃப்.ஏ. கிண்ணமும் சேர்ந்து கிடைத்தது. அதே 2009 டிசம்பரில், முன்னாள் சிலாங்கூர் ஆட்டக்காரர் கே. ராஜகோபால் வளர்த்த இளைஞர்கள் சீ விளையாட்டில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கொண்டு வந்தனர். 2010இல் அவரது தலைமையில் மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றது. இரண்டு பயிற்றுநர்களும் தமிழர்கள். கையில் இருந்ததை வைத்தே சமைத்துக் காட்டியவர்கள்.

காணாமல் போன சாட்சி

இரு கட்சியும் சொல்வது உண்மையே. ஆனால் வளர்ப்போர் கட்சி பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. வளர்ப்பதற்குப் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். வந்த ஆட்களும் வெளிநாட்டவர் ஆனார்கள். 1990களில் ரவாங்கிற்கு வடக்கே புக்கிட் பெருந்தோங் போன்ற புதுநகர்கள் முளைத்தன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு வீட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வீட்டுக்கே போராட்டம் என்றால் திடலை யார் கேட்பது? தோட்டம் மூடியபோது கோயிலை எங்கே மாற்றுவது, பள்ளியை எங்கே மாற்றுவது என்று பேச்சு நடந்தது. திடலை எங்கே மாற்றுவது என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிள்ளைக்குப் பந்து உதைக்கக் கார் நிறுத்துமிடம்தான் மிச்சம்.

பெற்றோரின் பயமும் சேர்ந்துகொண்டது. 1994, 1995 ஆண்டுகளில் வெடித்த ஆட்ட விற்பனை ஊழலில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பிறகு பல குழுக்களில் சம்பளப் பாக்கி என்ற செய்தி வாடிக்கையானது. பந்து சோறு போடுமா என்று ஒரு தாய் கேட்டால், அதில் தவறு சொல்ல முடியுமா?

இந்தியச் சமூகம் தானே ஒரு முயற்சி செய்து பார்த்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலும் நின்றது. 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. தோட்டத்துப் பையனுக்குத் தெரிந்த கதவுகளில் ஒன்று அதோடு மூடியது.

இன்னொரு வேதனை, பத்திரம் பற்றியது. 2025 செப்டம்பரில் ஃபிஃபா ஒரு தீர்ப்பு வழங்கியது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களை மலேசியக் குழுவில் சேர்க்கப் போலி ஆவணங்கள் பயன்பட்டன என்று கூறி, அவர்களுக்கு 12 மாதத் தடையும் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் விதித்தது. பாட்டன், பாட்டி எங்கே பிறந்தார்கள் என்பதே அந்த வழக்கின் மையம். இதே நாட்டில்தான், தோட்டத்து லயத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் தவித்த பிள்ளைகள் இருந்தார்கள். அடையாள ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்யவே 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாத பிள்ளை முறையான போட்டிகளுக்குப் பதிந்துகொள்வது பெரும்பாடு. கடல் கடந்து பாட்டியைத் தேடியவர்கள், புக்கிட் ரோத்தானில் பேரனைத் தேடியிருக்கலாமே!

தீர்ப்பு எந்தப் பக்கம்?

வாங்குவது பாவமல்ல. 1970களிலும் வாங்கினார்கள், வேலையைக் காட்டி வாங்கினார்கள். ஆனால் அன்று வாங்கிய ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர் உள்ளூரில் விளைந்திருந்தார்கள். அமெரிக்க டிராஃப்டும்கூட அப்படித்தான். அங்கே கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களை விளைவித்துத் தருவதால்தான் குழுக்கள் வரிசையில் நின்று தேர்ந்தெடுக்கின்றன. விளைச்சல் இல்லாத வயலில் அறுவடை முறை பற்றி எவ்வளவு விவாதித்தும் பயனில்லை.

எனவே சிலாங்கூர் இரசிகர்கள் அடுத்த முறை குழுப் பட்டியலைத் திருத்தும்போது, முன்னணி ஆட்டக்காரர் யார் என்பதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களின் தமிழ்ப்பள்ளிப் போட்டிகளைப் பார்க்க மாநிலக் குழுவிலிருந்து யாராவது வருகிறார்களா? பன்னிரண்டு வயதில் தேர்வாகும் பையனைப் பயிற்சிக்கு அழைத்துப் போக வண்டி உண்டா? புதிய குடியிருப்புகளின் வரைபடத்தில் திடலுக்கு இடம் விட்டிருக்கிறதா? பள்ளிப் பெற்றோர் சங்கமும், கோயில் நிர்வாகமும், சட்டமன்ற உறுப்பினரும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான் இவை. கேட்பதற்குப் பெரிய பணப்பெட்டி எதுவும் தேவையில்லை.

தீர்ப்பு வளர்ப்போர் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திடலை மீட்டுத் தராத வளர்ப்பு வெறும் மேடைப் பேச்சு.