சொல்லில் தோற்ற ஒரு காப்புரிமை

வேண்டிய திரைப்படத்தை வேண்டிய நேரத்தில் வீட்டிலிருந்தே பார்த்து, அதற்குரிய கட்டணத்தையும் அங்கிருந்தே செலுத்துவது இன்று நமக்குப் பழகிப்போன செயல். இந்த ஏற்பாடு யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. சட்டம் படித்தவரினும் சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோரே அதைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஒரு சொல்லுக்குப் பொருள் உண்டா என்பதே அவ்வழக்கின் போக்கைத் திருப்பியது.

எண்ணம் பழையது. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் ஜெனித் நிறுவனம் 'ஃபோன்விஷன்' என்ற சோதனையை நடத்தியது. 300 குடும்பங்கள், 90 நாட்கள். படம் காற்றலையில் வரும், ஆனால் சிதைந்து தெரியும். பார்க்க விரும்புவோர் தொலைபேசியில் சொன்னால், சிதைவை நேராக்கும் குறிப்பலை தொலைபேசிக் கம்பி வழியே வந்து சேரும். படம் ஒன்றுக்கு ஒரு டாலர்; அத்தொகை தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்துவிடும். கட்டணம் வாங்கும் வழி இவ்வாறு அன்றே கண்டறியப்பட்டது. எந்தப் படம், எந்த நேரம் என்பதை மட்டும் ஒளிபரப்பு நிலையமே வகுத்தது.

திரையரங்க உரிமையாளர்கள் இத்தகைய முயற்சிகளைக் கடுமையாக எதிர்த்தனர். 1964இல் கலிபோர்னிய வாக்காளர்கள் பொதுவாக்கெடுப்பின் மூலம் கட்டணத் தொலைக்காட்சியைத் தடைசெய்தனர். 1966இல் அம்மாநில உச்சநீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. அதற்குள் அங்கே அத்தொழிலை நடத்திய நிறுவனம் ஒளிபரப்பை நிறுத்திவிட்டிருந்தது.

அடுத்த கட்டம் காகிதத்தில் எழுந்தது. 1991 சனவரியில் பால் யர்ட், லீ பிரவுன் என்னும் இருவர் ஒரு விண்ணப்பம் அளித்தனர். வைய விரிவு வலை பொதுமக்களுக்கு அறிமுகமானது அவ்வாண்டின் ஆகஸ்டில்தான் என்பதை நினைவிற்கொண்டால் அவர்தம் தொலைநோக்கு விளங்கும். ஒலியையும் படத்தையும் சுருக்கி ஒரு நூலகத்தில் சேமித்தல்; வாடிக்கையாளர் அதிலிருந்து தேர்ந்தெடுத்தல்; தொலைபேசி, கேபிள், செயற்கைக்கோள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒருவழியே அவரிடம் அனுப்புதல்; அவர் தமக்குகந்த நேரத்தில் பார்த்தல் என அவ்விண்ணப்பம் விரித்துரைத்தது. 1992 சூலை 21 அன்று 5,132,992 என்ற எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது.

பின்னர் இவ்வுரிமை அகேசியா என்ற நிறுவனத்தின் கைக்குச் சென்றது. உரிமக் கட்டணம் திரட்டுவதே அன்று அதன் தொழிலாக இருந்தது. முதலில் பாலியல் படம் காட்டும் வலைத்தளங்களுக்கு மடல்கள் போயின. அடுத்து, இணையவழிப் பாடம் நடத்தும் கல்லூரிகளுக்குப் போயின. 2004இல் கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் மீதும் வழக்குகள் தொடரப்பட்டன. வழக்காடும் செலவைவிடக் கட்டணம் குறைவு என்று பலர் செலுத்திவிட்டனர். சிலர் எதிர்த்து நின்றனர்.

அங்கேதான் உரையாசிரியர் வேலை தொடங்கியது. காப்புரிமை வழக்கில், உரிமை கோரும் வாசகங்களுக்கு முதலில் நீதிபதி பொருள் காண வேண்டும். நீதிபதி ஜேம்ஸ் வேர் சொல் சொல்லாகப் பார்த்தார். 'சீக்வென்ஸ் என்கோடர்' என்றொரு தொடர் வந்தது. அத்துறையினரிடையே அதற்கு நிலைபெற்ற பொருள் இல்லை. எழுதியவர்களின் விளக்கமும் அதைத் தெளிவாக்கவில்லை. அது பொருள் வரையறையற்றது என்று 2004 சூலையில் அவர் கூறினார். வேறொரு தொடருக்கும் அதே கதி நேர்ந்தது. 2009இல், வழக்கிலிருந்த உரிமைக் கோரிக்கைகள் செல்லாதவை எனத் தீர்ப்பாயிற்று.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' ஒன்று என்கிறது நன்னூல். நமக்கு அது தேர்வுக்குப் படித்த இலக்கணம். அங்கே அதே குற்றம் ஒரு சொத்தையே அழித்தது. இதில் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. காப்புரிமை என்பது ஊரார் நிலத்தில் ஒருவருக்குச் சில ஆண்டுகள் தரப்படும் தனியுரிமை. வரப்பு எங்கே என்று தெரியாத வயலுக்கு அருகில் எவரும் அச்சமின்றி ஏர் பூட்ட முடியாது. மயங்க எழுதிய சொல், எழுதியவருக்கு வயலை நாள்தோறும் அகலமாக்கித் தரும். அண்டை நிலத்தாருக்கோ நாள்தோறும் வழக்கு. சில ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது.

யர்ட், பிரவுன் இருவரும் வரப்போவதைக் கண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. சிகாகோவில் தொலைபேசியை எடுத்துப் படம் கேட்ட அந்த 300 குடும்பங்களும் அவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அதன் ஒரு பகுதியைக் கண்டவர்கள்தாம். கண்டவருக்குரிய பெருமையை எவரும் பறிக்க இயலாது. ஆனால், கண்டதைப் பிறருக்கு விளங்கும் சொல்லில் எழுதி வைத்தாலன்றி அதைத் தம்முடையது என்று கேட்க இயலாது என்பதே அத்தீர்ப்பு நமக்குச் சொல்வது. எழுத்தையே தொழிலாகக் கொண்டோர் இதை வேற்றூர் வழக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.